அழைத்தும் எழவில்லை

என் கணவர் தண்டாயுதபாணி காலமான பதினேழாம் நாள், அவர் எந்த வகை உரிமையாளராக இருக்க விரும்புகிறார் என்பதை நேரில் வந்து தெரிவிக்கும்படி அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வர இயலாவிட்டால் அதற்கான காரணத்தை அவரே தம் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அனுப்பியவர்கள் அயல்நாட்டுச் சொத்துரிமை வகைத் தேர்வு ஆணையத்தின் காரைக்குடி வட்டார அலுவலகத்தார். வெளிநாட்டில் வீடு வாங்குகிறவர்கள் எந்த வகை உரிமையில் வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஆணையம் அது. அவர்கள் சான்று கொடுக்காமல் வங்கி பணம் அனுப்பாது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாச்சியாபுரம் கிளை நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். எழுத்தில் இருப்பதை மதித்துப் பழகிவிட்டது. கைப்பட எழுதச் சொல்லியிருந்ததால் அவருடைய பேனாவைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

நாங்கள் வெளிநாட்டில் வீடு வாங்க நினைத்ததற்குக் காரணம் ஓர் ஆணி.

வலையபட்டியில் எங்களுக்கு இருக்கிற வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பார்க்கிறவர்கள் எங்களைப் பெரிய சொத்துக்காரர்கள் என்று நினைப்பார்கள். அந்த வீட்டுக்கு முப்பத்தொரு பங்காளிகள். எங்கள் பங்கு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஓர் அறையும் முற்றத்தில் ஒன்றேகால் தூணும். கல்யாணமான புதிதில் என் கணவர் நாட்காட்டி மாட்டுவதற்காகச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு பங்காளி வந்தார், ஆணியைப் பார்த்தார், கூட்டம் போட்டார். பொதுச் சுவரில் ஆணி அடிக்க முப்பத்தொருவர் கையெழுத்து வேண்டும் என்று முடிவாகி ஆணி பிடுங்கப்பட்டது. துளை இன்னும் இருக்கிறது. அதை அடைக்கவும் முப்பத்தொருவர் கையெழுத்து வேண்டும். என் கணவர் புவியியல் ஆசிரியர். முப்பத்துநான்கு வருடம் நாட்காட்டியை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் தேதி கிழித்தார்.

எங்கள் ஒரே மகள் சீதை கடல் தாண்டி ஒரு நாட்டில் வேலை பார்க்கிறாள். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு விசா புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. போன வருடம் நாங்கள் அங்கே போயிருந்தபோது, அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே ஏழாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு வந்தது. விற்பவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஒரு சீன அம்மாள். பார்க்கப் போனோம். ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. என் கணவர் கடலைப் பார்க்கவில்லை. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "ஒரு ஆணி அடிச்சுப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு அதை மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, சுத்தியலும் ஆணியும் தானே எடுத்துக் கொடுத்தார்.

நான்கு அடி. ஒருவரும் கூட்டம் போடவில்லை. என் கணவர் தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். கிளம்பும்போது துண்டை மறந்துவிட்டார். லிப்டில் வரும்போது நான் ஞாபகப்படுத்தினேன்.

"இருக்கட்டும் தேனு," என்றார். "எப்படியும் வரத்தானே போறோம்."

வாங்குவதாக இருவர் பெயரிலும் ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தோம். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் பாக்கியைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் ஆணையத்தின் சான்று.

ஆணையம் காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டுக்கு இருபத்தாறு பங்காளிகளாம். நான்கு பேர் இன்னும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அலுவலகத்தின் பெயர்ப்பலகையை மாட்டாமல் தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். மின்விசிறி எல்லாம் மேசைமேல் நின்றது. டோக்கன் எண் காட்டும் சிவப்பு எழுத்துப் பெட்டியை ஒரு ஸ்டூலில் ஏற்றி, கீழே விழாதபடி கயிற்றால் கட்டியிருந்தார்கள். என் கணவர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "நம்மூட்டுக்கு வந்த மாதிரியே இருக்கு," என்றார்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். நான்கு வகை உரிமை. ஒன்று, முழு உரிமை. இரண்டு, தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை உரிமை. இருவராக வாங்கினால் இன்னும் இரண்டு. மூன்றாம் வகை, எஞ்சியவர் உரிமை: இருவரில் ஒருவர் போனால் மற்றவருக்கு முழுவதும் வந்துவிடும். நான்காம் வகை, பங்கு உரிமை: அவரவர் பாதி அவரவருக்கு, போனவருடைய பாதி அவர் வாரிசுக்கு. இதில் எது வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் அரை மணி நேரத்தில் சொல்லத் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்துகொண்டதை ஆணையம் ஏற்காது. அங்கே வந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆறு வகுப்புகள்.

வகுப்பு எடுத்தவர் பயிற்றுநர் வேல்பாண்டி. கீழச்சிவல்பட்டிக்காரர், நல்ல மனிதர், மூன்று பேனா வைத்திருப்பார்.

"ஏழாவது மாடியில முழு உரிமைன்னா என்ன?" என்று கேட்டு அவரே பதில் சொன்னார். "தரை உங்களுது இல்லை. அது ஆறாவது மாடிக்காரவுக கூரை. கூரை உங்களுது இல்லை. அது எட்டாவது மாடிக்காரவுக தரை. நடுவுல நிக்கிற காத்து இருக்கு பாருங்க, அது முழுக்க உங்களுது."

"அந்தக் காத்துக்குப் பட்டா உண்டா தம்பி?" என்றார் என் கணவர்.

"அது நாலாவது வகுப்புல வரும் செட்டியாரய்யா."

குத்தகை உரிமைக்கான பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் கடைசி நாளில் மனுதாரர் வசிக்கும் முகவரி. வேண்டாத வகையின் பக்கங்களையும் நிரப்ப வேண்டும் என்பது விதி. என் கணவர் யோசிக்காமல் 'அதே முகவரி' என்று எழுதினார்.

"ஏங்க, வெளையாடாதீக," என்றேன்.

"நான் எங்க போகப் போறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த பக்கத்தில்தான் பிழை நடந்தது. உரிமையாளர்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவர் 'ஒன்று' என்று எழுதினார். நானும் பார்த்தேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. கல்யாணம் ஆன அன்றைக்கு ஏட்டில் ஒரு புள்ளியாக ஏற்றுவார்கள். ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரைப்புள்ளி. எங்களை எத்தனை என்று யார் கேட்டாலும் ஒன்று என்றுதான் கை எழுதும்.

இரண்டு வாரத்தில் ஆணையத்திலிருந்து குறிப்பாணை வந்தது: 'உரிமையாளர் ஒருவர் எனில் கையொப்பமிட்டுள்ள மற்றவர் யார்? இருவரில் அந்த ஒருவர் யார்?'

என் கணவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லு. நீயா நானா?"

"நீங்கதான் எழுதுனீக. நீங்களே சொல்லுங்க."

"அப்ப நீதான்," என்றார்.

ஆறாவது வகுப்பு, எஞ்சியவர் ஒத்திகை. மூன்றாம் வகையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதன் பொருளை உணர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்காக ஆணையமே உருவாக்கியது. இந்தியாவில் வேறெங்கும் இல்லை என்று வேல்பாண்டி பெருமையாகச் சொன்னார். தம்பதியில் ஒருவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். கதவைச் சாத்துவார்கள். உள்ளே இருப்பவர் எழாமல் உட்கார்ந்தபடி மூன்று முறை 'முழுவதும் என்னுடையது' என்று சொல்ல வேண்டும்.

என் கணவர் வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. என்னால் முதல் தடவையே சொல்ல முடியவில்லை. தொண்டைக்குள் ஏதோ சொன்னேன்.

"சத்தமா ஆச்சி," என்றார் வேல்பாண்டி. "வெளிய இருக்கவுகளுக்குக் கேக்கணும். அதுதான் விதி."

"கேட்டா என்ன நினைப்பாக?"

"ஆச்சி, அவுக இப்ப இல்லை. இல்லாதவுக என்ன நினைப்பாகன்னு படிவத்துல கட்டமே கெடையாது."

கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் இருமுவது கேட்டது. இல்லாதவர் இருமக் கூடாது என்று வேல்பாண்டி கதவைத் திறந்து சொல்லிவிட்டு வந்தார். நான் மூன்று முறை சொன்னேன். பத்துக்கு நான்கு மதிப்பெண். 'ஈடுபாடு போதவில்லை. மறு ஒத்திகை தேவை.' வெளியே வந்தபோது என் கணவர் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக்குள் காற்று விட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே போல," என்றார். பஸ்ஸில் வலையபட்டி வரும்வரை அதையே சொல்லிச் சிரித்தார்.

மறு ஒத்திகை வைகாசியில் வந்தது. இந்தத் தடவை முறை மாற வேண்டும். நான் வெளியே போக, அவர் உள்ளே இருக்க வேண்டும். எங்களுக்கு டோக்கன் எண் முப்பத்தெட்டு. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அந்த 'ஒன்று' எழுதிய பக்கத்துக்கு நகல் வேண்டும் என்றார்கள். "நீ போய் எடுத்துட்டு வா, நான் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார். கீழே ஜெராக்ஸ் கடையில் கூட்டம். இருபது நிமிடம் ஆனது.

திரும்பி மாடிப்படி ஏறும்போதே ஒலிபெருக்கியில் கூப்பிடுவது கேட்டது. "டோக்கன் எண் முப்பத்தெட்டு, அறை எண் இரண்டுக்கு வரவும்." அவர் தூணில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, "உங்களத்தான் கூப்பிடுறாக," என்று தோளைத் தொட்டேன்.

கோப்பில் அன்றைய தேதியிட்டு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பின்னால் அதை எனக்குக் காட்டினார்கள். 'மனுதாரர் மூன்று முறை அழைத்தும் எழவில்லை.'

பதினேழாம் நாள் கடிதம் வந்ததை முதலிலேயே சொன்னேன். நகராட்சி கொடுத்த இறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனேன். மாடி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது சிவப்பு எழுத்து. முப்பத்தெட்டு. நான் நின்றுவிட்டேன். உடனே ஒலிபெருக்கி கூப்பிட்டது. "டோக்கன் எண் முப்பத்தெட்டு, அறை எண் இரண்டுக்கு வரவும்."

டோக்கன் கொடுக்கும் நாகவல்லி எழுந்து ஓடி வந்தாள். அந்தக் குரல் அவளுடையதுதான். பதிவு செய்து வைத்தது.

"ஆச்சி, மன்னிச்சுக்கங்க. அந்த மெசினுக்கு 'முடிந்தது'ன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்குனாத்தான் முப்பத்தொம்பது வரும். அய்யாவுக்கு இன்னும் முடியலைன்னு அமுக்க விட மாட்டேங்கிறாக. தெனம் காலையில பத்தரைக்கு அதுவா ஆரம்பிச்சு மூணு தடவை கூப்பிடுது."

"மத்தவுகளுக்கெல்லாம்?"

"முப்பத்தெட்டு அ, முப்பத்தெட்டு ஆ, இ, ஈன்னு சீட்டு எழுதிக் குடுக்கிறேன். நேத்து ஃ வரைக்கும் போயிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "வீட்டுக்குப் போனாலும் இதான் ஆச்சி காதுல. எங்க வீட்டுக்காரரு சோறு போடுன்னாரு. அறை எண் ரெண்டுக்கு வாங்கன்னுட்டேன்."

நீல நாற்காலி அதே தூணோரம் இருந்தது. கூடம் நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அதில் உட்காரவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் உட்காரப் போனார். பக்கத்தில் நின்ற பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது முப்பத்தெட்டு சீட்டு. ஆளு வருவாக."

இறப்புச் சான்றை வேல்பாண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது சரியாத்தான் இருக்கு ஆச்சி. ஆனா இதுல அய்யா இறந்துட்டாகன்னுதான் இருக்கு. எந்த வகையில உரிமை வேணும்னு இல்லையே."

"அதை எப்படி அதுல எழுதுவாக?"

"அதான் நகராட்சி பண்ற தப்பு," என்றார்.

அன்றிலிருந்து ஆடி முடியும்வரை எத்தனை முறை போனேன் என்று எண்ணவில்லை. ஒருநாள் எஞ்சியவரின் புகைப்படம் கேட்டார்கள். கொண்டுபோனேன். அதில் நான் தனியாக இருக்கிறேன், எதிலிருந்து எஞ்சினேன் என்பது தெரியவில்லை என்றார்கள். நாங்கள் இருவரும் இருக்கும் படத்தைக் கொண்டுபோனேன். அதில் யாரும் எஞ்சவில்லை என்றார்கள். இன்னொரு நாள் அவருடைய வருகைப் பதிவில் தொடர்ந்து நாற்பது வேலைநாள் எழாமல் இருந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். எழாமல் இருக்கிறார் என்றால் வந்திருக்கிறார் என்றுதானே பொருள் என்று கேட்டேன். ஆமாம், வராதவர்களுக்கு வேறு நிறத் தாள் என்றார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். வேலை எதுவும் இல்லாத நாட்களிலும் நான் போனேன். பத்தரைக்கு முன்னால் போய்த் தூணோரம் நின்றுகொள்வேன். மூன்று முறை கூப்பிடுவார்கள். ஊரில் துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அவர் பேரைச் சொல்லத் தயங்கி, "அவுக இருந்தப்ப" என்றுதான் பேசினார்கள். உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இன்னும் அவர் வருவார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி சீதை போன் செய்தாள்.

"ஆத்தா, அந்த டாக்டரம்மா பேசினாக. முப்பத்தொண்ணுக்கு மேல காத்திருக்க முடியாதாம். வேற ஆள் ரெடியா இருக்காக. அவுக சுவரையெல்லாம் சுத்தமா பூசிப் பெயின்ட் அடிச்சுத் தரணும்னு கேட்டிருக்காகளாம்."

"சுவரையா?"

"ஆமாத்தா. அப்பச்சி மாட்டிட்டு வந்த துண்டை என்ன செய்யன்னு கேக்குறாக. அந்த அம்மா இன்னும் எடுக்கலை. அப்படியேதான் இருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவள்தான் தொடர்ந்தாள்.

"மூணாவது வகைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு முடிச்சிருங்க ஆத்தா. எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம். முழுசும் உங்க பேர்ல இருக்கட்டும். அது வெறும் தாளுதானே."

இருபத்தெட்டாம் தேதி வட்டார ஆணையர் முன்னால் இறுதி விசாரணை. ஆணையர் சேவுகப்பெருமாள் தங்கநிற விளிம்பு போட்ட கண்ணாடியோடு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். என்னை உட்காரச் சொன்னார். மரியாதையானவர்தான்.

"ஆச்சி, எங்களை மனுசங்களுக்கு விரோதின்னு நினைச்சுராதீக. மனுசங்க வாராக, போறாக. வகை நிக்கும். நாங்க வகைக்குக் காவல். இந்த அலுவலகம் வந்து ஒம்பது வருசம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்குக்கூடத் தப்பான வகையில சான்று போனதில்லை."

"எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"இன்னும் யாருக்கும் போகலை," என்றார். "அவ்வளவு கவனமா இருக்கோம்."

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எஞ்சியவர் உறுதிமொழி. 'தண்டாயுதபாணி என்பவருக்கு மேற்படி சொத்தில் எக்காலத்திலும் தனிப்பங்கு இருந்ததில்லை என்றும், சொத்தைப் பொறுத்தவரை அவர் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை என்றும் இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, பாக்கி இருக்கும் மறு ஒத்திகையையும் முடித்தால் அன்றைக்கே சான்று. வெளியே 'முடிந்தது' பட்டனையும் அமுக்கிவிடலாம்.

"முதல்ல ஒத்திகை," என்றார் வேல்பாண்டி. எழுந்து போனவர் கதவருகில் நின்றுவிட்டார். "அய்யா, ஒரு சிக்கல். ஒருத்தர் வெளிய போகணும்னு விதி. வெளிய போக ஆளில்லையே."

ஆணையர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு கூடத்திலிருந்த நீல நாற்காலியை எடுத்துவரச் சொன்னார். அதை எனக்குப் பக்கத்தில் போட்டார்கள். ஒரு நிமிடம் கழித்து, வேல்பாண்டி இரண்டு கையாலும் அதை மெதுவாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். உட்கார்ந்திருப்பவரோடு தூக்குகிற மாதிரி நேராகப் பிடித்துத் தூக்கினார். யாரும் சிரிக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது.

"சொல்லுங்க ஆச்சி. இந்தத் தடவை நல்ல சத்தமா."

நான் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தேன். துண்டை நினைத்தேன். மூன்று நாள் கழித்து அந்தச் சுவரில் யாரோ சுண்ணாம்பு பூசப் போகிறார்கள். "முழுவதும்" என்றேன்.

மணி பத்தரை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கூப்பிட்டது. "டோக்கன் எண் முப்பத்தெட்டு, அறை எண் இரண்டுக்கு வரவும்."

நாங்கள் இருந்தது அறை எண் இரண்டுதான். இரண்டாம் முறையும் கூப்பிட்டது. வேல்பாண்டி கதவைப் பார்த்தார். ஆணையரும் கதவைப் பார்த்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க ஆச்சி, ஒத்திகையில எந்திரிக்கக் கூடாது," என்றார் வேல்பாண்டி.

"கூப்பிடுறாகல்ல. நாங்கதான் முப்பத்தெட்டு."

"நாங்கன்னா?"

"எண்ணிக்கை ஒன்றுன்னு எழுதியிருக்கு பாருங்க. ரெண்டு பேரும் சேந்து ஒரு புள்ளி. இப்ப நான் அரை. அரை எந்திரிச்சிருச்சு. மீதி அரை இருக்கு. அவுக பாதி அவுகளுக்கே இருக்கட்டும். நாலாவது வகை போடுங்க. அந்தத் தாளுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆணையர் வேல்பாண்டியைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா," என்றார் வேல்பாண்டி. "நகரத்தார் கோயில்ல அப்படித்தான் கணக்கு. எங்க ஊர்லயும் உண்டு."

ஆணையர் கோப்பை முதலிலிருந்து புரட்டினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவருடைய கோப்பில் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. எண்ணிக்கை ஒன்று, சரி. பாதி எழுந்துவிட்டது, பாதி எழவில்லை, அதுவும் சரி. பக்கம் ஒன்பதில் விரலை வைத்தார்.

"தொண்ணூத்தொம்பது வருசம் கழிச்சும் அதே முகவரியில இருப்பேன்னு அவரே கைப்பட எழுதியிருக்காரு. அதுக்கு முன்னாடி அவரு இல்லைன்னு நாம முடிவு பண்ண முடியாது. அது மனுதாரரை அவமதிக்கிற மாதிரி." பேனாவை எடுத்தார். "ஆனா ஒண்ணு ஆச்சி. அவர் பாதி நிலுவையில நிக்கும். விக்க முடியாது. வாரிசுக்கு மாத்த முடியாது. சுவரு, தரை எதுல கை வைக்கிறதா இருந்தாலும் மத்தப் பங்குதாரர் எழுத்துல சம்மதம் குடுக்கணும். வெளிய டோக்கனும் நிலுவையிலதான் இருக்கும். அவர் எந்திரிக்கிற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்போம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன்," என்றேன்.

அலுவலகத்தின் முதல் சான்று அன்றைக்கு அச்சானது. எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார்கள். நாகவல்லி அதில் கொஞ்சத்தை வாழையிலையில் எடுத்து நீல நாற்காலியில் வைத்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி பணம் போனது. மறுநாள் நான் போய்ச் சேர்ந்த பிறகு பதிவு அரை மணி நேரத்தில் முடிந்தது. பதிவாளர் ஆணையத்தின் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கல்யாணப் பத்திரிகையா என்று சீதையிடம் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கே அது யாருக்கும் தேவைப்படவில்லை.

சீதைக்கு என்மேல் கோபம். பாதி வீட்டைக் காற்றில் விட்டுவிட்டேன் என்கிறாள். அது ஒருவகையில் உண்மைதான். ஏழாவது மாடியில் காற்றைத் தவிர வேறு எதுவும் நம்முடையது இல்லை என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

பல் மருத்துவர் அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது அந்த அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். துண்டு ஆணியில் இருந்தது. எடுத்து முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊரிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. கடற்காற்று. இங்கே உப்புக்கூட மதியத்துக்குள் கசிந்துவிடுகிறது. எடுக்காமல் விட்டுவிட்டேன். இன்றைக்கும் காலையில் பார்த்தேன். குளித்துவிட்டுத் துவட்டிப் போட்ட மாதிரிதான் இருந்தது.

வீட்டில் அந்த ஓர் ஆணிதான். என் பை, குடை, நாட்காட்டி எல்லாம் நாற்காலிமேல் இருக்கின்றன. "இன்னொரு ஆணி அடிங்க ஆத்தா, இங்க எவன் வந்து பாக்கப் போறான்," என்று சீதை சுத்தியலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மற்றப் பங்குதாரர் எழுத்தில் சம்மதம் கொடுக்கவில்லை. அவருடைய பேனாவை மேசைமேல் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

காரைக்குடியில் காலை பத்தரை என்றால் இங்கே மதியம் ஒரு மணி. அந்த நேரத்துக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை கழுவிவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் எழுந்து நிற்கிறேன். மூன்று முறை கூப்பிட ஆகும் நேரம்வரை நின்றுவிட்டு மறுபடி உட்காருகிறேன்.

சனி, ஞாயிறு ஆணையத்துக்கு விடுமுறை. அந்த இரண்டு நாளும்தான் வீடு பெரிதாகத் தெரிகிறது.